தோல் குழியும் பாலாற்றுக் கிணறும்: இரண்டு நாவல்கள்

தோல் தொழிற்சாலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் இரண்டு கோட்பாடுகளுக்காக இன்றும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பது ஒன்று. தீங்குக்கு முழு நிரூபணம் கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. நாவல் எழுதுகிறவர்கள் அதில் படிக்க வேண்டிய பகுதி வேறு. வேலூரும் ஆம்பூரும் அடங்கிய அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தைப் பற்றிப் பேசும் அதே தீர்ப்பு திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் பேசுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன என்ற ஆய்வைக் குறிப்பிடுகிறது. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்கள் ஒரே தொழிலால் ஒரே வழக்குக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

திண்டுக்கல்லின் தோல் தொழிலைத் தமிழில் நாவலாக்கியவர் டி. செல்வராஜ். ‘மலரும் சருகும்’, ‘தேநீர்’ ஆகியவற்றை எழுதிய அவர், திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்துகொண்டு எழுதிய ‘தோல்’ 2010-இல் வெளிவந்து, 2012-இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பாலாற்றங்கரையின் தோல் தொழிலை வைத்து நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். பிறர் நூலுக்கு ஓர் அளவுகோலும் தன் நூலுக்கு ஓர் அளவுகோலும் வைத்துக்கொள்ளாமல், இரண்டையும் ஒரே மேசையில் வைத்து மதிப்பிட முடியுமா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். விருது பெற்ற ஒரு பெரும் படைப்பின் பக்கத்தில் நிறுத்தி என் புத்தகத்துக்கு விளம்பரம் தேடுவதாக ஆகிவிடக் கூடாது என்பதால், என் நாவலின் தலைப்பை இங்கே தரவில்லை. அதைப் படித்தவர்களுக்கு எந்த நாவல் என்பது தெரியும். படிக்காதவர்களுக்கும் இந்த ஒப்பீட்டைப் பின்தொடர்வதில் தடை இருக்காது.

முதலில் ‘தோல்’. ஏறத்தாழ 700 பக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். விடுதலைக்கு முன்னும் பின்னுமான சில பத்தாண்டுகளில், திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைகளில், முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்ட வரலாறு அதன் பொருள். ஓசேப்பு என்ற தொழிலாளி நாவலின் மையத்தில் இருக்கிறான். ஆனால் இதை ஓசேப்பின் கதை என்று சொன்னால் நாவலைக் குறைத்துச் சொன்னதாகும். ஒருவன் எப்படித் தலைவனானான் என்பதைக் காட்டிலும், ஒரு கூட்டம் எப்படித் தன்னைக் கூட்டமாக அறிந்துகொண்டது என்பதில்தான் செல்வராஜின் முழுக் கவனமும் இருக்கிறது. பாத்திரங்கள் இவ்வளவு பேர் வேண்டுமா என்று முதல் நூறு பக்கங்களில் வாசகருக்குத் தோன்றும். பெயர்கள் மனத்தில் நிற்காமல், முன்பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்ட நேரும். பொறுமையாகப் படித்துச் செல்பவர்களுக்கு இந்தப் பெருக்கத்தின் காரணம் பிறகு விளங்கும். சங்கம் என்பது ஒரு கொடியோ, ஓர் அலுவலகமோ, ஒரு தலைவரின் பேச்சோ அல்ல. கடனுக்கு அஞ்சும் ஒருவனும், சாதிக்கு அஞ்சும் ஒருவனும், பிள்ளையின் பசிக்கு அஞ்சும் ஒருத்தியும் தத்தம் அச்சத்தை ஒரே நாளில் கீழே இறக்கிவைப்பதுதான் சங்கம். அந்த ஒவ்வொரு அச்சத்தையும் தனித்தனியே பார்க்காத ஒரு நாவலில் வேலைநிறுத்தம் வெறும் செய்தியாகவே நின்றுவிடும்.

தொழிலை எழுதியிருக்கும் விதத்தில் ‘தோல்’ நாவலுக்கு இணையாகத் தமிழில் அதிகம் இல்லை. உப்பிட்ட பச்சைத்தோலை ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் போடுவது, முடி நீக்குவது, சவ்வு வழிப்பது, பட்டைச்சாற்றில் பதப்படுத்துவது என்று இந்தத் தொழிலில் அடுத்தடுத்துப் பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் மனித உடலின் ஏதோ ஒரு பாகத்தைத் தேய்க்கிறது. சுண்ணாம்புக் குழியில் நிற்பவனுக்குக் கால், சவ்வு வழிப்பவனுக்குக் கை, இடுப்பு, எல்லோருக்கும் மூக்கும் நுரையீரலும். செல்வராஜ் இதைத் தகவலாகத் தருவதில்லை. தொழிலாளியின் கூலியும் கடனும் அவன் மானமும் இந்தக் குழிகளைச் சுற்றியே நிர்ணயமாகின்றன என்பதைக் கதையின் நடப்பாகவே வைத்திருக்கிறார். மாட்டுத்தோலைத் தொடுகிறவன் தீண்டத்தகாதவன், அதே தோலை விற்றுப் பணமாக்குகிறவன் ஊர்ப்பெரியவன் என்ற ஏற்பாட்டை விளக்க அவருக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. வழக்கறிஞராகத் தொழிலாளர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவரின் நிதானம் இதில் தெரிகிறது.

குறை என்று எனக்குப் படுவதையும் சொல்ல வேண்டும். இயக்கத்துக்கு வழிகாட்டுகிறவர்கள் பேசும் இடங்களில் மொழி இறுகிவிடுகிறது. தொழிலாளி பேசும்போது அவன் ஊரும் வயதும் கோபமும் காதில் விழுகின்றன. தலைவர்கள் பேசும்போது பெரும்பாலும் கொள்கை மட்டுமே விழுகிறது. எதிர்த்தரப்பில் இருக்கும் முதலாளிகளில் சிலர் தங்கள் கொடுமைக்கு அப்பால் வேறெந்த அக வாழ்வும் இல்லாதவர்களாக இருக்கிறார்கள். முற்போக்கு இலக்கியத்தின் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டுதானே இது என்று சிலர் ஒதுக்கிவிடக் கூடும். எனக்கு அது வேறு காரணத்துக்காக உறுத்துகிறது. சுரண்டுகிறவனும் தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான் என்பதைக் காட்டினால், அந்தச் சுரண்டல் இன்னும் ஆழமாக வெளிப்பட்டிருக்கும். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர், தொழிலாளியின் மகள் திருமணத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு அந்தக் கடனாலேயே அவனைக் கட்டிவைத்தவர் என்ற மனிதர்களை எங்கள் பகுதியில் வளர்ந்த யாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ‘தோல்’ நாவலில் அப்படிப்பட்ட மனிதர் இன்னும் விரிவாக இடம்பெற்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி என் நாவல். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே, பாலாற்றங்கரையில், பெயர் சொல்லப்படாத ஒரு கிராமம். அண்ணன் ஆம்பூருக்குப் பக்கத்திலுள்ள தோல் ஷாப்பில், தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் பெரிய உருளைகள் இருக்கும் டிரம் பகுதியில் வேலை செய்கிறான். தம்பி அப்பா விட்டுச்சென்ற சிறிய நிலத்தில் தென்னையும் மல்லிகையும் வைத்திருக்கிறான். கதை 1980-களின் நடுவில் தொடங்கி, 1996 தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் கிராமங்களைக் கணக்கெடுக்கும் காலத்தில் முடிகிறது. தம்பியின் கிணறு உப்பாகிறது. வழக்கு வருகிறது. மூடும் உத்தரவு வருகிறது. அண்ணனின் வேலை நின்றுபோகிறது. ஒரே வீட்டில் ஒருவன் தொழிற்சாலையால் கெட்டவன். மற்றொருவன் தொழிற்சாலை மூடப்பட்டதால் கெட்டவன். கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இந்த அமைப்பு இன்றும் சரியானது என்றே கருதுகிறேன். ‘தோல்’ காட்டும் உலகில் பாதிக்கப்பட்டவர் யார், பாதித்தவர் யார் என்பதில் ஐயமில்லை. குழியில் நிற்பவன் ஒருவன், குழிக்குச் சொந்தக்காரன் மற்றொருவன். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். பாலாற்றங்கரையில் 1980-களுக்குப் பிறகு நடந்ததில் அந்த நேர்ப்பார்வை இல்லை. தண்ணீர் நிலத்தடியில் நகர்கிறது. யாருடைய ஷாப்பின் கழிவு யாருடைய கிணற்றுக்கு வந்தது என்று கையைக் காட்டிச் சொல்ல எவராலும் முடியவில்லை. அந்தத் தீர்ப்பே ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் பேசுகிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்கிறது. எதிரியின் முகம் இல்லாத இடத்தில் நாவலின் மோதலை எங்கே வைப்பது என்பது கடினமான கேள்வி. அதை ஒரு குடும்பத்துக்குள் வைத்தது இந்தப் பகுதியின் உண்மைக்குப் பொருத்தமான முடிவு. ஏனென்றால் இங்கே பல வீடுகளில் உழவும் தோலும் ஒரே அடுப்பில்தான் வெந்தன.

கிணறு பற்றிய அத்தியாயங்கள் என் நாவலின் சிறந்த பகுதி. அடக்கம் கருதி இதைச் சொல்லாமல் விட்டால், பிறகு நான் சொல்லப்போகும் குறைகளையும் எவரும் நம்ப வேண்டியதில்லை. தோல் கழிவு என்றவுடன் எல்லோரும் நிறத்தையும் நாற்றத்தையும்தான் எழுதுவார்கள். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியத்தின் பெயர் செய்தித்தாள்களில் வந்து வந்து பழகிவிட்டது. நிலத்தை முதலில் கெடுத்தது பெரும்பாலும் உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க அள்ளிப்போடும் உப்பு, முதல் ஊறலிலேயே தண்ணீரோடு வெளியேறுகிறது. அதற்கு நிறமில்லை, பெரிய நாற்றமும் இல்லை. கிணற்றில் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். முதலில் பருப்பு வேக மறுக்கும். பிறகு சோப்பு நுரைக்காது. பிறகு மல்லிகைச் செடியின் இலை ஓரம் கருகும். கடைசியில் தென்னங்குரும்பை உதிரும். இந்த வரிசையை நாவல் நான்கு ஆண்டுகளுக்கு நீட்டி, ஒவ்வொரு அறிகுறியையும் வீட்டின் வேறொருவர் கண்டுபிடிப்பதாக அமைத்திருக்கிறது. பருப்பைக் கண்டுபிடிப்பது தாய், இலையைக் கண்டுபிடிப்பது தம்பியின் மனைவி. தம்பி கடைசிவரை உரக்குறை என்றே நம்ப விரும்புகிறான். அவன் ஏன் அப்படி நம்ப விரும்புகிறான் என்பதை நாவல் எங்கும் விளக்கவில்லை. அண்ணனின் கூலியால்தான் அந்த வீட்டுக் கூரை மாற்றப்பட்டது என்பதை மட்டும் வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறது. இவை இரண்டையும் இணைத்துப் பார்ப்பது வாசகரின் வேலை. அந்த இடத்தில் நாவல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்றுண்டு. பலரும் மேற்கோள் காட்டிய வரி அது. தம்பி அண்ணனிடம் சொல்கிறான்: “உன் ஷாப்புத் தண்ணி என் கெணத்துல வந்து நிக்குது ண்ணா. நீ கொண்டாற கூலியில அரிசி வாங்கித்தான் நானும் துன்றேன்.” கூட்டங்களில் இந்த வரியைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். இப்போது நூலோடு சேர்த்துப் படிக்கும்போது, காட்சி செய்ய வேண்டியதை வசனம் செய்துவிட்டிருக்கிறது என்று தெரிகிறது. அதற்கு முந்தைய பத்துப் பக்கங்களில் இருவரும் பேசாமலே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கூலி நாளில் அண்ணன் பணத்தைத் தாயிடம் கொடுக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போவதும், தம்பி அதைத் தொடாமல் இரண்டு நாள் விட்டுவைப்பதும் போதுமானவை. செல்வராஜின் தலைவர்கள் கொள்கையைப் பேசுவதாக நான் மேலே குறை சொன்னேன். என் தம்பிப் பாத்திரம் பேசுவதும் சற்று அழகாக்கப்பட்ட கொள்கைதான்.

என் நாவலின் பெருங்குறை அண்ணன். டிரம் பகுதியில் வேலை செய்கிறான் என்று தொடக்கத்திலேயே சொல்லப்படும் அந்த மனிதன், நாவலின் நடுப்பகுதியில் நீண்ட தூரத்துக்குக் காணாமல் போகிறான். அவன் வேலைக்குப் போகிறான், வருகிறான், குடிக்கிறான், சத்தம் போடுகிறான். அவன் கை என்ன செய்கிறது என்பதற்கு நாவலில் இருப்பது ஓர் அத்தியாயம் மட்டுமே. ‘தோல்’ இந்த இடத்தில் என் நாவலைக் கடுமையாகக் கேள்வி கேட்கிறது. பட்டையில் வாரக்கணக்கில் பதப்படுத்திய பழைய முறையிலிருந்து, ஒரு நாளைக்குள் முடிந்துவிடும் குரோம் முறைக்குத் தொழில் மாறியது ஓசேப்பின் தலைமுறைக்குப் பிந்தைய வரலாறு. பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியை 1970-களில் மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலாகவே ஏற்றுமதி செய்யத் தூண்டியபோது அந்த மாற்றம் வேகம் பிடித்தது. குழிகள் குறைந்து டிரம்கள் பெருகின. தொழிலாளியின் உடலுக்கும் தோலுக்கும் இருந்த உறவு மாறியது. மாதக்கணக்கில் கற்ற கைப்பக்குவத்தின் மதிப்பு இறங்கியது. பட்டையின் மணம் தெரிந்த முதியவர்கள் மூட்டை தூக்குகிறவர்களானார்கள். இது முழுவதும் அண்ணனின் அனுபவமாக இருந்திருக்க வேண்டிய பொருள். செல்வராஜுக்குக் கிடைக்காத, அவர் எழுதிய காலத்துக்குள் வராத பொருள். பாலாற்றங்கரை நாவலாசிரியருக்கு மட்டுமே வாய்த்த அந்தப் பொருளை என் நாவல் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் கடந்துவிடுகிறது.

சாதியைப் பற்றியும் இதே ஒப்பீடு கடுமையாக இருக்கிறது. ‘தோல்’ தன் முதல் பக்கங்களிலிருந்தே தோலைத் தொடும் கை யாருடையது என்பதை மறக்கவிடுவதில்லை. என் நாவலில் வரும் குடும்பம் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பது தெரியும். ஆனால் கிணறு கெட்டபிறகு கதையின் துயரம் எல்லோருக்கும் பொதுவானதாகிவிடுகிறது. தண்ணீர் கெட்டால் எல்லோருக்கும் கெட்டதுதானே என்று ஒரு வாசகர் கேட்கலாம். அப்படியில்லை. ஊருக்கு வெளியிலிருந்து லாரித் தண்ணீர் வந்தபோது அது எந்தத் தெருமுனையில் நின்றது, இழப்பீட்டுக்குப் பட்டா கேட்டபோது யாரிடம் பட்டா இருந்தது, குத்தகைக்கு உழுதவனுக்கும் கூலிக்குக் களை எடுத்தவளுக்கும் அந்தக் கணக்கெடுப்பில் என்ன இடம் என்பவை எல்லாம் பொதுவானவை அல்ல. நிலம் கெட்டதற்கு இழப்பீடு என்றால், நிலமே இல்லாதவர்களின் இழப்பு எந்த ஏட்டில் பதிவாகும்? என் நாவல் இந்தக் கேள்வியைக் கடைசி அத்தியாயத்தில் ஒரு துணைப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டு முடிந்துவிடுகிறது. செல்வராஜ் எழுதியிருந்தால் அதிலிருந்துதான் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நீதிமன்ற அத்தியாயங்களை நான் பாதுகாத்துப் பேச மாட்டேன். மூன்று அத்தியாயங்கள் ஆவணங்களின் சுருக்கமாக இருக்கின்றன. ஒரு தொழிற்சாலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்ற உத்தரவை ஊர் டீக்கடையில் படித்துக் காட்டும் காட்சி மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தொகை அங்கே இருந்தவர்களில் சிலருக்குப் பெரிதாகவும் சிலருக்கு மிகச் சிறிதாகவும் தெரிகிறது. அந்த வேறுபாட்டில் ஊர் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

பேச்சுமொழியில் என் நாவலுக்கு ஓர் இயல்பான வாய்ப்பு இருந்தது, அதை ஓரளவு பயன்படுத்தியிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதியில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் பேசப்படுகின்றன. ஷாப்பின் மேஸ்திரி தன் முதலாளியிடம் உருதிலும், தொழிலாளியிடம் தமிழிலும், லாரி ஓட்டுநரிடம் தெலுங்கிலும் பேசிவிட்டு, கணக்கை மட்டும் மனத்துக்குள் உருதில் போடுவார். இந்த மாற்றங்களில் யாருக்கு யாரிடம் அதிகாரம் என்பது தெரிந்துவிடும். ‘தோல்’ நாவலின் பேச்சு திண்டுக்கல் மண்ணுக்குரியது. தொழிலாளர்களின் கேலியும் வசவும் அதில் மிகச் செழிப்பாக வந்திருக்கின்றன. என் நாவலில் வசவு குறைவு. பதிப்பாசிரியர் குறைக்கவில்லை, நானே குறைத்தேன். அந்தக் குறைப்பு மேஸ்திரியின் பாத்திரத்தை மென்மையாக்கிவிட்டது. அதைத் தவிர, வட ஆற்காட்டுப் பேச்சை வேடிக்கைக்குரியதாக ஆக்காமல், துக்கத்தையும் ஆலோசனையையும் கோபத்தையும் தாங்கும் மொழியாக என் நாவல் காட்டியிருக்கிறது என்பதில் எனக்கு நிறைவு உண்டு. திரைப்படங்களில் பல ஆண்டுகளாகச் சிரிப்புக்கு மட்டுமே பயன்பட்ட பேச்சு அது.

இவ்விரண்டு நாவல்களுக்கும் இடையில் எழுதப்படாமல் ஒரு பெரும் பகுதி கிடக்கிறது. 2015 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவுக்குப் பின், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப்பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ‘தோல்’ தொழிலாளியின் உடலை எழுதியது. என் நாவல் கழிவையும் கிணற்றையும் எழுதியது. அந்த இரவில் உடலும் கழிவும் ஒரே இடத்தில் சந்தித்தன. இறந்தவர்கள் திண்டுக்கல் சங்கத்தின் வாரிசுகளும் அல்ல, பாலாற்றங்கரை உழவர்களின் பிள்ளைகளும் அல்ல. இங்கே யாருடைய மொழியும் அவர்களுடைய மொழியாக இருக்கவில்லை. இந்தத் தொழிலைப் பற்றி இனி எழுதப்படும் நாவல் அவர்களைத் தவிர்த்துவிட்டு எழுதப்பட முடியாது. அதேபோல ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைக்கும் பெண்களையும் தவிர்க்க முடியாது. அதிகாலையில் குடியாத்தம், மாதனூர், நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்துகளிலும் வேன்களிலும் கிளம்பும் அவர்களில் ஒருத்தி என் நாவலில் இருக்கிறாள், தங்கையாக. அவளுக்குத் திருமணம் செய்துவைக்கும் பொறுப்பு மட்டுமே கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அவள் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் ஒரு காட்சி கூட இல்லை. அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களே எழுத வர வேண்டும் என்பது என் விருப்பம். வந்துகொண்டும் இருக்கிறார்கள், வேலூர், திருப்பத்தூர்ப் பகுதிக் கல்லூரிகளில் நடக்கும் சிறுகதைப் பட்டறைகளில் அவர்களின் பிள்ளைகளின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றில் பசை வாசனையும் உற்பத்தி இலக்கும் மேற்பார்வையாளரின் விசிலும் எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்திருக்கின்றன.

எங்கள் ஊர் ஆறு பற்றிய ஒரு செய்தியையும் இந்த மதிப்புரையில் சேர்க்க வேண்டியிருக்கிறது, அது நாவலின் அமைப்போடு தொடர்புடையது. பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் ஆறு. தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். அதே ஆறு 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துச் சென்றது. 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியது. என் நாவல் வறண்ட ஆற்றை மட்டுமே காட்டுகிறது. வெள்ளம் வந்தால் கழிவெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கை கரையோர மக்களிடம் உண்டு. 2021-க்குப் பிறகு கிணறுகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்து, இனி நிலம் தேறிவிடும் என்று மகிழ்ச்சியோடு பேசியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த நம்பிக்கையும், அதன் பின் ஒரு கோடையில் மீண்டும் கரிக்கத் தொடங்கிய நீரும் நாவலுக்குள் வந்திருந்தால், ஆறு வெறும் பலியாளாக மட்டும் இல்லாமல் தன் விருப்பப்படி நடக்கும் ஒரு பாத்திரமாகவும் ஆகியிருக்கும். நாவல் வெளிவந்தது அந்த வெள்ளத்துக்கு முன்பு என்றாலும், 1903-இன் நினைவு ஊர்ப்பேச்சில் இருந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பாட்டியின் ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

நூல்களைக் கையில் எடுப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ‘தோல்’ நாவலை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வெளியிட்டது. பெரிய நூல், ஒரே மூச்சில் படிக்கும் நூல் அல்ல. பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு படிப்பது பெரிதும் உதவும். இருவர் மூவராகச் சேர்ந்து, வாரம் நூறு பக்கம் என்று வைத்துக்கொண்டு படித்தால் அதன் வளம் முழுமையாகக் கிடைக்கும். தொழிலாளர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் அப்படி ஒரு வாசிப்பை ஏற்பாடு செய்யலாம். நடுவில் இயக்க உரைகள் நீளும் இடங்களில் சலிப்பு வந்தால், அவற்றை விரைந்து கடந்து தொழிலாளர்கள் மீண்டும் வரும் இடத்துக்குப் போய்விடலாம். ஆனால் கடைசி இருநூறு பக்கங்களில் எதையும் விடக் கூடாது.

என் நாவலைத் தேடுகிறவர்கள் அதற்கு முன் ‘தோல்’ படித்திருந்தால் நல்லது. அண்ணன் என்ற பாத்திரத்துக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வரலாறு நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். என் நூல் தராததை அந்த நூல் தந்துவிடும். இரண்டாம் பதிப்புக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது. நீதிமன்றத்தைப் பற்றிய மூன்று அத்தியாயங்களும் ஒன்றாகச் சுருங்குகின்றன. பட்டைக் குழியிலிருந்து டிரம்முக்கு அண்ணன் மாறிய ஆண்டுகள் தனிப் பகுதியாக எழுதப்படுகின்றன. தம்பியின் அந்தப் புகழ்பெற்ற வரி நீக்கப்படுகிறது. அது நீக்கப்படுவதை விரும்பாத வாசகர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இருக்கும் முதல் பதிப்பில் அது இருக்கட்டும்.